பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்

நீளமான பதிவு இது. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். நாற்பது நிமிஷ வகுப்பில் என் பேச்சைத் தாங்கியவர்கள்தானே, இதையும் தாங்கிவிடுவீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. கொரிய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'ஒம்மா', நான் என்பதற்கு 'நா'. ஆகவே கொரிய மொழி தமிழின் மகள், ஜப்பானிய மொழி பேத்தி, மங்கோலியரும் துருக்கியரும் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். ராத்திரி பகல் பாராமல் கொரியன் சீரியல் பார்க்கும் என் அண்ணன் பேத்தி அதைக் காட்டி, "அத்தைப்பாட்டி, இது நிஜமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. குழுவிலும் எதுவும் எழுதவில்லை. இந்த விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைத் திருத்த வேண்டும்.

1990-களின் நடுவில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொது அறிவுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். உலக மொழிக் குடும்பங்கள் என்று ஒரு பழைய புத்தகத்திலிருந்து கரும்பலகையில் படம் போட்டேன். திராவிடக் குடும்பம், இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், சீன-திபெத்தியக் குடும்பம், அதற்குப் பக்கத்தில் 'அல்தாயிக் குடும்பம்'. அதன் கிளைகளாகத் துருக்கி, மங்கோலியம், மஞ்சு, கொரியன், ஜப்பானியம். முதல் நாள்தான் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றின் எண்களை வரிசையாக எழுதி, "பாருங்கள், அக்கா தங்கச்சி மாதிரி இருக்கின்றன" என்று காட்டியிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அல்தாயிக்கும் ஒரே குடும்பம்னா, அந்த மொழிகள்லயும் ஒண்ணு ரெண்டு மூணு ஒரே மாதிரி இருக்கணுமே? இருக்கா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல், "புத்தகத்துல போட்டிருக்கு. எழுதிக்கோ, உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு மொழிகளைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் உலகத்துப் பெரிய அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அன்றைக்குத் தர வேண்டிய பதிலை இன்றைக்குத் தருகிறேன். ஃபார்வர்டுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ரஷ்யா, மங்கோலியா, சீனா, கஜகஸ்தான் ஆகிய நான்கு நாடுகளும் சந்திக்கும் இடத்தில் இருப்பவை அல்தாய் மலைகள். அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் 'அல்தாயிக்'. இந்தக் கதையை ஒரு போர்க்கைதியிடமிருந்து தொடங்குவார்கள். 1709-இல் பொல்தாவாப் போரில் சுவீடன் ரஷ்யாவிடம் தோற்றது. அதில் பிடிபட்ட சுவீடன் ராணுவ அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க் சைபீரியாவில் பல வருஷம் கைதியாக இருந்தார். அங்கே சுற்றிலும் பேசப்பட்ட மொழிகளைக் கவனித்துக் குறித்து, 1730-இல் புத்தகமாக வெளியிட்டார். அடுத்த நூற்றாண்டில் பின்லாந்தைச் சேர்ந்த கஸ்த்ரேன் சைபீரியா முழுக்க அலைந்து மொழிகளைச் சேகரித்தார். துருக்கி, மங்கோலியம், மஞ்சு வகை மொழிகளைத் தம் பின்னிஷ் மொழியோடும் சேர்த்து 'அல்தாயிக்' என்று அவர் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார். பின்னாளில் பின்னிஷும் ஹங்கேரியனும் 'உராலிக்' என்ற தனிக் குடும்பமாகப் பிரிந்தன. இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பின்லாந்துக்காரர், ராம்ஸ்டெட், ஒலி ஒப்பீடுகளோடு அல்தாயிக் கொள்கைக்கு உருவம் கொடுத்தார். ஜப்பானில் பின்லாந்தின் முதல் தூதராக இருந்தவர் அவர். கொரிய மொழியையும் ஆராய்ந்து இந்தக் குடும்பத்தில் சேர்த்தார்.

இவர்கள் கண்ட ஒற்றுமை கற்பனை இல்லை. துருக்கியில் 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' என்றால் வீடுகள், 'எவ்லெர்தெ' என்றால் வீடுகளில். வீடு, கள், இல் என்று நாம் ஒட்டுகிறபடியே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகிறார்கள். மங்கோலியமும் மஞ்சுவும் கொரியனும் ஜப்பானியமும் இப்படியே. எல்லாவற்றிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆண்பால், பெண்பால் என்று பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் வழக்கம் கிடையாது. துருக்கி, மங்கோலியம் இரண்டிலும் ஒரு சொல்லுக்குள் வரும் உயிரெழுத்துகள் ஒன்றுக்கொன்று இசைந்து போக வேண்டும். அதனால்தான் வீட்டுக்கு 'எவ்லெர்' என்று வரும் பன்மை, குதிரைக்கு 'அத்லர்' என்று மாறுகிறது.

இத்தனை ஒற்றுமை இருந்தால் உறவு என்றுதானே நினைக்கத் தோன்றும்? நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு பெரியவரும் இதே இடத்தில் சறுக்கினார். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். அந்தப் புத்தகத்தில் திராவிட மொழிகள் 'சிதிய' மொழிக் கூட்டத்தோடு உறவுடையவை என்று வாதிட்டார். அந்தச் சிதியக் கூட்டத்தில் துருக்கியும் மங்கோலியமும் பின்னிஷும் இருந்தன. ஆகவே அந்த ஃபார்வர்டு ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழைய யோசனை.

கால்டுவெல் சொன்னதில் ஒரு பாதி இன்றும் அசையாமல் நிற்கிறது. மறு பாதி நிற்கவில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்த விவகாரம் முழுவதும் புரிந்துவிடும்.

நின்ற பாதி, திராவிட மொழிகள் ஒரே குடும்பம் என்பது. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. தமிழில் 'ப'வில் தொடங்கும் சொல் கன்னடத்தில் 'ஹ'வில் தொடங்குகிறது. பழைய கன்னடத்தில் 'ப' இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதை விட, வித்தியாசமே ஒரு விதிப்படி இருப்பதுதான் பலமான சாட்சி. அந்த விதி பல், பால், புலி போன்ற வீட்டுச் சொற்களில் ஓட வேண்டும். எண்களிலும் 'நான், நீ' போன்ற சொற்களிலும் விகுதிகளிலும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று. கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு. தெலுங்கில் ஒகட்டி, ரெண்டு, மூடு. எங்கேயோ பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியில்கூட அஸிட், இரட், முஸிட். நான்கிலிருந்து அவர்கள் பக்கத்து மொழிகளின் எண்களைக் கடன் வாங்கிவிட்டார்கள். முதல் மூன்று மட்டும் பாட்டி வீட்டு நகை மாதிரி மிச்சமிருக்கிறது.

நிற்காத பாதி, சிதிய உறவு. அதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் பெரும்பங்கு இலக்கண அமைப்பு. ஒட்டிக்கொண்டே போவதும் வினை கடைசியில் வருவதும் உலகத்தில் பல இடங்களில் உண்டு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் மலைகளில் பேசப்படும் கெச்சுவா மொழியும் அப்படித்தான். அதற்காகக் கெச்சுவாவைத் தமிழின் சித்தி மகள் என்று சொல்ல முடியுமா?

இப்போது அல்தாயிக்கை இதே தராசில் வைப்போம். வெளிநாட்டு ஒலிகள் தமிழ் எழுத்தில் முழுசாக வராது, ஏறக்குறைய எழுதுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று:

துருக்கி: பிர், இகி, உச்.
மங்கோலியம்: நெக், ஹொயொர், குரவ்.
மஞ்சு: எமு, ஜுவெ, இலன்.
கொரியன்: ஹனா, துல், செத்.
ஜப்பானியம்: ஹிதொத்சு, ஃபுதத்சு, மித்சு.

மூன்றாவது பெஞ்சுப் பெண்ணே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஒரே மாதிரி இல்லை.

எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஜப்பானியர் சீனத்திலிருந்தும் 'இச்சி, நி, சன்' என்று எண்களைக் கடன் வாங்கிப் புழங்குகிறார்கள். எண்களும் வெளியிலிருந்து வரலாம், பழையவை மறையலாம். சரி, உடம்பைப் பார்ப்போம். துருக்கியில் ரத்தம் 'கான்', மங்கோலியத்தில் 'த்ஸுஸ்', மஞ்சுவில் 'செங்கி', கொரியனில் 'பி', ஜப்பானியத்தில் 'சி'. கண் என்பதற்கு வரிசையாகக் 'கொஸ்', 'நுத்', 'யஸா', 'நுன்', 'மெ'. ஆனால் துருக்கி வகை மொழிகளுக்குள்ளேயே பார்த்தால் எல்லாம் பளிச்சென்று பொருந்துகின்றன. இரண்டு என்பது துருக்கியில் இகி, உஸ்பெக்கில் இக்கி, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சைபீரியாவில் பேசப்படும் யாகூத்திலும் இக்கி. துருக்கி வகை ஒரு குடும்பம், மங்கோலிய வகை ஒரு குடும்பம், மஞ்சு உள்ள துங்குசிக் வகை ஒரு குடும்பம். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்த வீடுகளுக்கெல்லாம் பாட்டி ஒருத்திதானா என்பதில்தான் வழக்கு.

உறவு உண்டு என்பவர்கள் வெறும் கையோடு நிற்கவில்லை. அவர்களின் நல்ல சாட்சிகளில் ஒன்றைச் சொல்கிறேன். துருக்கியில் காளை 'ஒக்குஸ்', மங்கோலியத்தில் மாடு 'உகெர்'. துருக்கியில் இரட்டைப் பிள்ளைகள் 'இகிஸ்', மங்கோலியத்தில் 'இகெர்'. பழைய துருக்கியில் கன்றுக்குட்டி 'புஸகு', பழைய மங்கோலியத்தில் 'பிரகு'. ஒருபக்கம் 'ஸ்' வரும் இடத்தில் மறுபக்கம் 'ர்' வருகிறது. நம் பால்-ஹாலு மாதிரியே விதி ஓடுகிறது, பாருங்கள்! இதை முதன்முதலாகப் படித்தபோது, என் புத்தகம் சரிதான் போலிருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. ஹங்கேரிய மொழிக்குப் போங்கள். காளை 'ஒக்கொர்'. இரட்டை 'இகெர்'. கன்று 'போர்யூ'. அதே சொற்கள், அதே 'ர்'. ஆனால் ஹங்கேரியன் இந்தக் கூட்டத்திலேயே இல்லை. அது பின்னிஷின் உறவு. ரத்தம் ஹங்கேரியனில் 'வேர்', பின்னிஷில் 'வெரி'. மீன் 'ஹல்', 'கலா'. தண்ணீர் 'வீஸ்', 'வெசி'. கை 'கேஸ்', 'கெசி'. அப்படியானால் அந்தக் காளையும் கன்றும் ஹங்கேரியனுக்கு எப்படி வந்தன? ஹங்கேரியர் இன்றைய நாட்டில் குடியேறும் முன், கிழக்கே புல்வெளிகளில் இருந்தபோது, துருக்கி வகை மொழி ஒன்றைப் பேசிய மக்களோடு பழகினார்கள். அந்த வகையில் 'ஸ்' கிடையாது, 'ர்'தான். வோல்கா ஆற்றங்கரையில் இன்றும் பேசப்படும் சுவாஷ் மொழி அந்த வகையைச் சேர்ந்தது. துருக்கியில் ஒன்பது 'தொகுஸ்', சுவாஷில் 'தஹ்ஹர்'. பெண் துருக்கியில் 'கிஸ்', சுவாஷில் 'ஹெர்'. ஹங்கேரியர் மாடு வளர்க்கும் சொற்களை அப்படிப்பட்டவர்களிடமிருந்து கடன் வாங்கினார்கள்.

ஹங்கேரியர் வாங்கியிருக்க முடியுமானால், மங்கோலியரும் அதே மாதிரி மக்களிடமிருந்து வாங்கியிருக்கலாமே? உறவை மறுப்பவர்கள் கேட்பது இதைத்தான். விதிப்படி வரும் வித்தியாசம்கூடக் கடனாக மொத்தமாக வந்துவிடலாம் என்பதற்கு ஹங்கேரியன் கண்கூடான உதாரணம். ஒரு சமூகம் மாட்டைச் சந்தையில் வாங்கலாம், மாட்டோடு அதன் பெயரையும் வாங்கி வரலாம். கையையும் ரத்தத்தையும் யாரும் சந்தையில் வாங்குவதில்லை. ஹங்கேரியனில் ரத்தம் ஒரு பக்கம் காட்டுகிறது, காளை இன்னொரு பக்கம் காட்டுகிறது. உறவுக்கு நாம் ரத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

துருக்கியரும் மங்கோலியரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்ததற்குச் சாட்சி மண்ணிலேயே நிற்கிறது. மிகப் பழைய துருக்கிக் கல்வெட்டுகள் இன்றைய துருக்கி நாட்டில் இல்லை. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 1893-இல் டென்மார்க் அறிஞர் தாம்சன் அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். பிற்பாடு மங்கோலியர் எழுதக் கற்றுக்கொண்டது உய்குர் என்ற துருக்கி இனத்தாரின் எழுத்தில். அதை மங்கோலியரிடமிருந்து மஞ்சுக்கள் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை நூற்றாண்டு ஒரே புல்வெளி, ஒரே சந்தை, ஒரே படை, மாறி மாறி ஒரே ராஜ்யம். சொல் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தச் சொற்களில் சில நம் வீடு வரைக்கும் வந்திருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்து 'ராவ் பகதூர்' பட்டம் தெரியுமல்லவா? அந்தப் பகதூரும், மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் உள்ள 'பாத்தர்' என்பதும் ஒரே சொல். வீரன் என்று அர்த்தம். உலான்பாத்தர் என்றால் சிவப்பு வீரன். புல்வெளியில் கிளம்பி, பாரசீகம் வழியாக இந்தியா வந்து, நம் ஊர் மிராசுதார் வீட்டு வாசல் பலகையில் ஏறியது. 'உருது' என்ற மொழிப் பெயரும் படை முகாமைக் குறிக்கும் 'ஒர்து' என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான். ராவ் பகதூர் என்று எழுதிக்கொண்டதால் நாம் மங்கோலியர் ஆகிவிட்டோமா? சன்னல், மேசை, அலமாரி, சாவி நான்கும் போர்த்துக்கீசியச் சொற்கள். தினமும் சாவி போட்டுக் கதவைத் திறக்கிறோம், போர்த்துக்கீசியரோடு சொந்தம் கொண்டாடுகிறோமா?

இப்படி அக்கம்பக்க வாழ்க்கையால் மொழிகள் முகம் ஒத்துப்போவதற்கு நம் நாடே நல்ல உதாரணம். ஹிந்தியும் தமிழும் வெவ்வேறு குடும்பம். ஆனாலும் இரண்டிலும் வினை கடைசியில் வருகிறது, நாக்கை மடித்துச் சொல்லும் 'ட' இருக்கிறது. எமனோ என்ற அறிஞர் இந்தியாவை ஒரு மொழி வட்டாரம் என்று சொல்லிக் கட்டுரை எழுதியது 1956-இல். அதே 1956-இல்தான் பிரிட்டிஷ் அரசு அதிகாரியாக இருந்த கிளாசன், அல்தாயிக் கொள்கைக்கு எதிரான தம் கட்டுரையை வெளியிட்டார். கால்டுவெல் புத்தகம் வந்து சரியாக நூறு வருஷம் கழித்து! ஜெர்மனியின் டோர்ஃபர் அதே பக்கம் நின்று, கடன் சொற்களைப் பெரிய பெரிய தொகுதிகளாக ஆராய்ந்தார்.

வழக்கு அதோடு முடியவில்லை. 2003-இல் ரஷ்ய அறிஞர் ஸ்தாரஸ்தினும் அவர் சகாக்கள் இருவரும் சேர்ந்து மூன்று தொகுதிகளாக அல்தாயிக் சொல் வரலாற்று அகராதியை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கில் சொல் ஒப்பீடுகள். அதைக் கடுமையாக மறுத்தவர்களில் முக்கியமானவர் அலெக்ஸாண்டர் வோவின். அவர் முன்பு ஜப்பானியத்தை அல்தாயிக் என்று ஆதரித்து எழுதியவர். சான்றுகளை மேலும் பார்த்தபின் மனசு மாறி, தாம் நின்ற பக்கத்துக்கே எதிராக எழுதினார். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த ஆள் இவர்தான். 2021-இல் ராபீட்ஸ் என்ற பெண் அறிஞரின் குழு, தொல்லியலையும் மரபணுவையும் சேர்த்து, சுமார் 9,000 வருஷத்துக்கு முன் வடகிழக்குச் சீனாவின் லியாவ் ஆற்றுப் பக்கம் சிறுதானியம் பயிரிட்டவர்களிடமிருந்து இந்த மொழிகள் பரவின என்று எழுதியது. அதையும் பலர் ஏற்கவில்லை. இன்றைய நிலை இதுதான்: பெரும்பாலான மொழியியலாளர்கள் அல்தாயிக் ஒரே குடும்பம் என்பதை நிரூபிக்கப்பட்டதாக ஏற்பதில்லை. ஒரு சிறு அணி விடாமல் வாதாடுகிறது. அவர்கள் முட்டாள்களும் இல்லை. துருக்கியில் நான் 'பென்', நீ 'சென்'. மங்கோலியத்தில் 'பி', 'சி'. மஞ்சுவில் 'பி', 'ஸி' என்று அவர்கள் காட்டும்போது யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும். பின்னிஷிலும் 'மினா, சினா', ஹிந்தியிலும் 'மைம், தூ' என்று இதே சாயல் தெரிகிறதே என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, இன்னும் கொஞ்சம் யோசனை வரும்.

இனி 'அப்பா'வுக்கு வருவோம். குழந்தை முதலில் உதட்டைச் சேர்த்துத்தான் ஒலி எழுப்பும். அதனால் ம, ப ஒலிகள் உலகமெங்கும் பெற்றோர் பெயர்களில் வருகின்றன. ஜார்ஜியா நாட்டு மொழியில் 'மாமா' என்றால் அப்பா! 'தெதா' என்றால் அம்மா. 'நா', 'நீ' போன்ற சின்னச் சொற்கள் தற்செயலாகவும் ஒத்துப்போகும். சீன மொழியில் நீ என்பதற்கு 'நீ' என்றே சொல்கிறார்கள். ஆனால் சீனத்தை ஏனோ யாரும் தமிழின் மகள் என்று ஃபார்வர்டு செய்வதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான இம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். கொரியாவில் 'அப்பா' என்று கேட்டால் மனசு குளிர்கிறது, எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தையே சான்றாக்கும்போதுதான் தப்பு தொடங்குகிறது. இந்த ஆசை நமக்கு மட்டும் உள்ளது என்றும் நினைக்காதீர்கள். 1930-களில் துருக்கியில் 'சூரிய மொழிக் கொள்கை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உலக மொழிகள் அனைத்துக்கும் மூலம் துருக்கி மொழிதான் என்பது அதன் சாரம். அரசாங்க ஆதரவு இருந்தது, மாநாட்டில் பேசினார்கள். அதாதுர்க் 1938-இல் மறைந்த பிறகு அது கைவிடப்பட்டது. அதனால் துருக்கி மொழிக்கு ஒரு பெருமையும் கூடவில்லை. அந்த மொழிக்கு உண்மையான பெருமை ஓர்கோன் கல்வெட்டுகளில் இருக்கிறது. அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

தமிழுக்கும் அப்படித்தான். இரண்டாயிரம் வருஷத்து இலக்கியம், கல்வெட்டு, இன்றைக்கும் வீட்டில் பேசும் வாய். இதற்கு மேல் ஒரு கொரிய மகளும் ஜப்பானியப் பேத்தியும் இருந்தால்தான் மரியாதை என்று நினைப்பது, இருக்கும் சொத்தின் மதிப்புத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் பெயர் சேர்ப்பது போன்றது. நாளைக்கு யாராவது ஒரு கொரியப் பிள்ளை உட்கார்ந்து சரிபார்த்து 'இது பொய்' என்று சொன்னால், நம் உண்மையான பெருமையையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவான்?

அக்கம்பக்கத்தார் என்பதைக் குறைவாக நினைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. காளைக்கும் கன்றுக்கும் எழுத்துக்கும் கடன்பட்டு, ஒருவர் பேச்சை ஒருவர் பல நூற்றாண்டு கேட்டுக் கேட்டு முகஜாடையே ஒன்றாகிப்போனவர்கள் துருக்கியரும் மங்கோலியரும் மஞ்சுக்களும். ரத்த உறவு இல்லை என்று தீர்ப்பானாலும் அந்த வாழ்க்கை பொய்யாகாது. நம் தெருவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆபத்துக்கு முதலில் ஓடிவருவதும் அவர்கள்தான்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் இப்போது பத்துப் பதினைந்து பேர் பள்ளிக்கூடங்களில் இருக்கிறீர்கள். மொழிக் குடும்பப் படம் போட்டால் திராவிடத்தை முழுக்கோட்டில் போடுங்கள். அல்தாயிக்கைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள். ஏன் புள்ளிக்கோடு என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்த வகுப்பு நல்ல வகுப்பாக இருக்கும். பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்றைக்கு வரவில்லை.

அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் யார் என்று இங்கே சொல்லமாட்டேன். இந்தப் பதிவு அவள் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது தப்பான பதில். பழைய நோட்டு இன்னும் இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து, அல்தாயிக் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடு.

அண்ணன் பேத்திக்கு இதையெல்லாம் வாய்வழியாகவே சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். "அப்ப அந்த ஃபார்வர்டை அழிச்சிடட்டுமா, அத்தைப்பாட்டி?" என்றாள். அழிக்காதே, அனுப்பியவருக்கு ஹங்கேரியக் காளைக் கதையைத் திருப்பி அனுப்பு என்றேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்